இணைப்பு அறுந்தபோது கற்றவை: ஒரு வங்கி ஊழியரின் அனுபவம்

1980களின் நடுப்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, அதே மாவட்டத்தின் பல ஊர்களில் வேலை பார்த்து, கொரோனா காலம் ஓய்ந்த பிறகு ஓய்வு பெற்றேன். லெட்ஜரில் பேனாவால் பற்று வரவு எழுதிய காலத்தையும், கீரைக்கட்டு விற்கும் அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று அறிவிக்கும் காலத்தையும் ஒரே பணிக்காலத்துக்குள் பார்த்துவிட்ட தலைமுறை எங்களுடையது. இந்த மாற்றத்தால் எளிய மக்கள் அடைந்த நன்மையை நேரில் கண்டவன் என்பதால், பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடும்பமோ ஓர் அலுவலகமோ தன்னைப் பற்றிய விவரம் அனைத்தையும் எங்கோ இருக்கும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, தன் கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதைத் தவிர்க்க வீட்டிலும் அலுவலகத்திலும் என்னென்ன செய்யலாம் என்பதை, நடந்தவற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு அவருடைய கிளையின் லெட்ஜரில் மட்டுமே இருந்தது. பணம் எடுக்க வருபவர் படிவத்தைக் கொடுத்துவிட்டு, பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். எழுத்தர் லெட்ஜரைப் புரட்டி இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துச் சுருக்கொப்பம் இடுவார். அதன்பின் காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். கூட்டமான நாட்களில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். வெளியூர்க் காசோலை வசூலாகி வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய டிராஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பணம் வந்துருச்சா தம்பி?" என்று கேட்டுக் கிளைக்கும் வீட்டுக்குமாக நடந்த தாய்மார்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்கும் இடத்தில் இடையில் நிற்பவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதும் சாதாரணமாக நடந்தது. இவற்றை எல்லாம் நல்ல காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வங்கிகளில் இயந்திரங்களைப் புகுத்துவது பற்றி டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984-இல் அறிக்கை அளித்தது. வேலை போய்விடும் என்று எங்கள் சங்கங்கள் அஞ்சின. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. முதலில் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் வந்தன, பிறகு கிளைக்குள் மட்டும் இயங்கும் கணினிகள் வந்தன, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கோர் பேங்கிங் வந்தது. இந்த மூன்றாவது மாற்றம்தான் பெரியது. அதுவரை கணினி இருந்தாலும் கணக்கு கிளைக்குள் இருந்தது; கோர் பேங்கிங் வந்தபின் எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஏதோ ஒரு பெருநகரத்தில் உள்ள தரவு மையத்துக்குப் போய்விட்டன. அதனால்தான் பேராவூரணியில் கணக்கு வைத்திருப்பவர் சென்னையில் பணம் எடுக்க முடிந்தது. 2005-இல் என்.இ.எஃப்.டி., 2010-இல் ஐ.எம்.பி.எஸ்., 2016-இல் யு.பி.ஐ. என்று அடுத்தடுத்து வந்த மின்னணுப் பணப் பரிமாற்ற வசதிகள் அனைத்தும் அந்த அடித்தளத்தின்மேல்தான் எழுந்தன. 2023 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யு.பி.ஐ. வழியாக 1,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன.

ஆனால், கணக்கு தரவு மையத்துக்குப் போன அந்த நாட்களில், இணைப்பு அறுந்தால் கிளை என்ன செய்யும் என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. பழைய லெட்ஜர்களை மூட்டை கட்டி ஆவண அறையில் போட்டோம். மாதிரிக் கையெழுத்து அட்டைகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினோம். புதிதாகக் கணக்கு தொடங்கியவர்களின் படிவங்கள் வட்டார மையத்துக்குப் போயின. கிளையில் எஞ்சியது திரையும் அதன் பின்னால் இருந்த கம்பியும்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்போது நான் பேராவூரணிப் பக்கத்தில் ஒரு கிளையில் மேலாளருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தேன். விடிந்தபோது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்தன. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்டன. எங்கள் கிளையின் கூரைமேல் இருந்த, செயற்கைக்கோள் வழி இணைப்புத் தரும் வி-சாட் தட்டு காற்றில் பிய்ந்து பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. தொலைபேசிக் கேபிள் பல இடங்களில் அறுந்திருந்தது. கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரியும் டீசலும் இருக்கும் வரை இயங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஏ.டி.எம். இயந்திரத்துக்குள் பணம் இருந்தது. மின்சாரமும் இணைப்பும் இல்லாமல் அதை எடுக்க வழியில்லை. கிளையின் இரும்புப் பெட்டகத்திலும் பணம் இருந்தது. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அறியும் வழிதான் எங்களிடம் இல்லை.

அன்று எங்கள் வாசலில் நின்றவர்கள் அனைவரும் ஏழைகள் அல்லர். சிங்கப்பூரில் இருந்து மகன் மாதம் தவறாமல் அனுப்பும் பணம் லட்சக்கணக்கில் கணக்கில் இருக்க, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவும் கூரைக்குத் தார்ப்பாய் வாங்கவும் கையில் நூறு ரூபாய்கூட இல்லாமல் நின்றவர்கள் அவர்களில் பலர். விழுந்த தென்னையை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கூலி ரொக்கமாகக் கேட்டார்கள். மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வந்தது, அதற்கும் ரொக்கம்தான். ஊருக்குள் கடன் சொல்லிப் பொருள் வாங்கலாம், ஆனால் வெளியூரில் இருந்து லாரியில் கொண்டுவந்து விற்பவர் கடன் தர மாட்டார். பால்பவுடருக்கும் மெழுகுவத்திக்கும் பணம் வேண்டியிருந்தது. ஊர் முழுவதும் சொத்துள்ளவர்களாக இருந்தும், செலவழிக்கக் கையில் பணம் இல்லாத ஊராக அது சில நாட்கள் இருந்தது.

மேலாளர் துணிவான மனிதர். வட்டார அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடிக்க முடியாததால், இரு சக்கர வாகனத்தில் ஓர் ஊழியரைத் தஞ்சாவூருக்கு அனுப்பி, கைமுறையில் பணம் வழங்க எழுத்து மூலமான அனுமதி வாங்கி வரச் செய்தார். மரங்கள் விழுந்த சாலையில் அவர் போய் வரவே முழு நாளும் ஆயிற்று. அதற்குள் நாங்கள் தயாராக வேண்டியிருந்தது. முந்தைய நாள் இரவு கணக்கு முடிக்கும்போது அச்சிட்ட இருப்புப் பட்டியல் ஒன்று, தணிக்கையாளர் கேட்பார் என்பதற்காக எடுத்து வைத்தது, எங்களுக்குக் கிடைத்தது. பட்டியலில் பெயர் இருந்தால், பாஸ்புக்கையும் ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோ ஏதாவது ஒன்றையும் பார்த்து, ஒரு சிறு தொகை வரை கொடுப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் கிளையில் மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார்; பற்றுச்சீட்டு, காசாளர் பதிவேடு, நாள் முடிவில் கூட்டிச் சரிபார்க்கும் தாள் ஆகியவற்றை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதை அவர்தான் இளம் ஊழியர்களுக்கு மணிக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்.

கையெழுத்தை ஒப்பிடுவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. பழைய கணக்குகளுக்கு அட்டை இருந்தது, புதிய கணக்குகளுக்கு இல்லை. அந்த இடத்தில் எங்களுக்குத் துணையாக நின்றவர் கடைநிலை ஊழியராக இருந்த உள்ளூர்க்காரர். வரிசையில் நின்றவரைப் பார்த்ததும், "இவங்க கீழத்தெரு, மூத்த பையன் மலேசியாவுல இருக்கான் சார்" என்று அவர் சொல்வார். பட்டியலில் உள்ள பெயரோடும் முகவரியோடும் அது பொருந்தும். அவர் அடையாளம் சொன்னதைச் சீட்டின் பின்புறம் எழுதி, சாட்சியாக அவரிடமே கையொப்பம் வாங்கிக்கொண்டோம். இணைப்பு திரும்பியபின் சீட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றியபோது கணக்கு முழுமையாகப் பொருந்தியது. எங்களைச் சுற்றியிருந்த எல்லாக் கிளைகளுக்கும் இப்படி வாய்க்கவில்லை. அந்தப் பட்டியல் அச்சிடப்படாமல் இருந்திருந்தால், அந்த எழுத்தர் ஓர் ஆண்டுக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தால், அந்த உள்ளூர் ஊழியர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருந்தால், நாங்களும் கதவைச் சாத்தியிருக்க வேண்டியதுதான். மக்களின் பசி தணிவது இப்படித் தற்செயலாக அமைந்த மூன்று விஷயங்களை நம்பி இருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு என் வீட்டில் சில ஏற்பாடுகளை நிரந்தரமாக்கினேன்; உறவினர்களுக்கும் அவற்றையே சொல்லி வருகிறேன். இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் போதுமான ரொக்கம் வீட்டில் இருக்க வேண்டும். அது பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் நெருக்கடி நேரத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தருபவர் யாரும் இல்லை. பாஸ்புக்கை மாதம் ஒரு முறையாவது பதிவு செய்துகொள்ள வேண்டும். கைப்பேசிச் செயலியில் எல்லாம் தெரிகிறதே என்று பலர் பாஸ்புக்கை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கஜா நாட்களில் பதிவு செய்யப்பட்ட பாஸ்புக் வைத்திருந்தவர்களுக்குத்தான் எங்களால் தயக்கமின்றிப் பணம் கொடுக்க முடிந்தது. இன்றியமையாத பத்துத் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மனைவியின் எண்ணே மனப்பாடமாக இல்லாத கணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து மருந்து உண்பவர்கள், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் சீட்டின் நகலைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. ஆதார், குடும்ப அட்டை, நிலப்பட்டா ஆகியவற்றின் நகல்கள் நீர் புகாத உறையில் இருக்க வேண்டும். ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்துக்கொள்ள அரசு தரும் டிஜிலாக்கர் மிக நல்ல வசதி, அதில் உள்ள ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பும் உண்டு; ஆனால் மின்சாரமும் சிக்னலும் இருந்தால்தான் அது திறக்கும்.

ஓய்வு பெற்றபின் எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் முதியவர்களுக்கு வங்கி, ஓய்வூதியம், ரேஷன் தொடர்பான வேலைகளில் உதவி வருகிறேன். புயல் வந்தால்தான் இணைப்பு அறுபடும் என்பதில்லை என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். தென்னை நார் திரித்தும் தேங்காய் உரித்தும் தேய்ந்துபோன விரல்களை ரேகைக் கருவி ஏற்காதபோது, எந்தப் புயலும் இல்லாமலே ஒருவர் தன் உரிமையில் இருந்து துண்டிக்கப்படுகிறார். "என் கை எனக்கே சாட்சி சொல்ல மாட்டேங்குதே அய்யா" என்று ஒரு மூதாட்டி என்னிடம் வருந்தினார். ரேகை விழாத காரணத்தால் யாருக்கும் ரேஷனோ உதவித்தொகையோ மறுக்கப்படக் கூடாது என்றும், வேறு முறையில் அடையாளம் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வழங்க வேண்டும் என்றும் ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கே சில இடங்களில் தெரிவதில்லை. அந்தச் சுற்றறிக்கையை நினைவூட்டி, பணிவாக ஆனால் விடாமல் கேட்டால் பெரும்பாலும் வேலை நடந்துவிடுகிறது. வீட்டை விட்டு வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுசென்று தரும் தாயுமானவர் திட்டத்தைத் தமிழக அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கருவியை நோக்கி மனிதரை வரச் சொல்லாமல், மனிதரை நோக்கிக் கருவியை அனுப்பும் அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்கும் வாழ்நாள் சான்றிதழ் விஷயத்திலும் இதே போன்ற அறியாமை உண்டு. 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் வசதியால் ரேகை வைத்தும், 2021 முதல் முகத்தைக் காட்டியும் இதை முடிக்கலாம். தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியும் செய்யலாம். இவை எதுவும் கைகூடவில்லை என்றால், வங்கிக்கு நேரில் சென்று தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் பழைய முறை இன்றும் செல்லும். "ஆன்லைனில்தான் செய்யணும்" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படை வங்கிச் சேவை அளிக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான் உதவச் சென்ற வீடுகளில் என்னை அதிகம் கலங்க வைத்தது, ஒரு மரணத்துக்குப் பிறகு வந்த சிக்கல். கணவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே ஒழுங்காகச் செய்து வந்தவர். மின்கட்டணம், எரிவாயு, காப்பீட்டுத் தவணை, வைப்புத்தொகை, மகளுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் எல்லாம் அவர் விரலசைவில் நடந்தன. திடீரென்று மாரடைப்பில் அவர் இறந்தபின், அந்தக் கைப்பேசியின் பூட்டைத் திறக்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, காப்பீட்டுப் பத்திரம் எந்த நிறுவனத்தில் என்பதுகூட மனைவிக்குத் தெரியாது. பத்திரங்கள் எல்லாம் மின்னஞ்சலில் இருந்தன. ரீசார்ஜ் செய்யாததால் சில மாதங்களில் அந்த எண்ணும் செயலிழந்தது, அதோடு ஓ.டி.பி. வரும் வழியும் அடைபட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின், அந்த அம்மாள் தன் கணவரின் சேமிப்பைத் தேடி வங்கி வங்கியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. பழைய காகிதங்களைக் கிளறி, வருமான வரிக் கணக்கில் காட்டியிருந்த வட்டியை வைத்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். நியமனதாரர் (நாமினி) பெயர் பதிவாகி இருந்த கணக்குகள் இறப்புச் சான்றிதழும் அடையாள ஆவணமும் கொடுத்தவுடன் சிரமமின்றி முடிந்தன. அப்படிக் கோரிக்கை வந்தால் 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நியமனம் இல்லாத ஒரு வைப்புத்தொகைக்குத்தான் வாரிசுச் சான்று, பிள்ளைகளின் கையொப்பம் என்று அலைச்சல் நீண்டது.

இதைப் பார்த்தபின் நான் போகும் வீடுகளில் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைக்கச் சொல்கிறேன். எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கின் வகை, நியமனதாரர் யார், காப்பீட்டுப் பத்திர எண், கடன் இருந்தால் அதன் விவரம், எந்தக் கைப்பேசி எண்ணோடு எது இணைந்திருக்கிறது, எந்தத் தொகை எந்தத் தேதியில் தானாகப் பிடிக்கப்படும் என்பனவற்றைக் கையால் எழுத வேண்டும். ரகசியப் பின் (PIN) எண்களையும் கடவுச்சொற்களையும் அதில் எழுதக் கூடாது. அவை தேவையும் இல்லை. இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையையும் பின் எண்ணையும் வைத்துப் பணம் எடுப்பது பல குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. பின்னாளில் வாரிசுகளுக்குள் சச்சரவு வந்தால் அது பெரிய சிக்கலாகிவிடும், ஆகவே உரிய படிவத்தைக் கொடுத்தே பெற வேண்டும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. பழைய கணக்குகளுக்கு நியமனம் பதிவாகி இருக்கிறதா என்று அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்போது கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் மறந்துபோன வைப்புத்தொகைகளைத் தேட 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் என்னும் இணையதளம் உதவும். குடும்பத்தின் பணம் பற்றிய விவரம் ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருக்கும் நிலையில், பெரும்பாலும் பாதிக்கப்படுபவர்கள் பெண்களே என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதத்தில் ஒரு நாள் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கட்டணங்களைச் செலுத்துங்கள். ஒரு மாதம் ஒருவர், மறுமாதம் மற்றவர்.

மோசடிகளைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். காணொளி அழைப்பில் காவல் சீருடையில் தோன்றி, "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று மிரட்டும் ஏமாற்று வேலைக்குப் படித்தவர்களும் பலியாகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறொருவரால் நடந்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை கூறியது. ஏமாந்தவரைத் திட்டும் பழக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் விட வேண்டும். திட்டுக்கு அஞ்சி அந்த மூன்று நாட்களையும் கடத்தியவர்களை எனக்குத் தெரியும்.

இனி வரப்போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருநகரங்களும் பெரிய நிறுவனங்களும் இந்த ஆபத்துக்கு அப்பாற்பட்டவை என்று யாராவது நினைத்தால் அண்மைக்கால நிகழ்வுகள் அதை மறுக்கின்றன. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுத வேண்டியிருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு விமானம் ஏறும் சீட்டைப் (போர்டிங் பாஸ்) பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதே மாத இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டதால் ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, யு.பி.ஐ. நாடெங்கும் சில மணி நேரம் தடுமாறியது. அன்று நான் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த ஓர் இளைஞர் கையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் தவித்தார். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் நோட்டில் எழுதிக்கொண்டு மருந்தைக் கொடுத்தார். நகரத்தின் பெரிய கடை ஒன்றில், பெயர் தெரியாத ஊழியர் முன்னால், அது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இவை ஒவ்வொன்றிலும் பழுதான இடம் ஒன்றுதான். பாதிக்கப்பட்டவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். எல்லோரும் ஒரே ஏரியின் ஒரே மதகை நம்பிப் பயிரிட்டால் மதகு உடையும்போது கடைமடை வரை காய்வதைப் போன்ற நிலை இது. செயற்கை நுண்ணறிவு, முகத்தைக் காட்டிப் பணம் செலுத்துதல், டிஜிட்டல் ரூபாய் என்று அடுத்து வருபவை அனைத்தும் இந்தச் சார்பை மேலும் ஆழமாக்கத்தான் போகின்றன. இதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. புதிய முறை வரும்போது பழைய வழியை உடனே மூடிவிடாமல், சுருக்கியாவது வைத்திருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. முழுக்க மின்னணுப் பணத்தை நோக்கி உலகிலேயே வேகமாக நடந்த நாடுகளில் ஒன்று ஸ்வீடன். அங்கேயே பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைத் தொடர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2024-இல் வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டியில், ரொக்கம் வைத்திருக்குமாறு மக்களுக்கு அறிவுரையும் கூறினார்கள்.

நம் ரிசர்வ் வங்கியும் இதை உணர்ந்திருக்கிறது. போர், இயற்கைப் பேரிடர் போன்ற காலங்களில் வழக்கமான வலைப்பின்னல்கள் இல்லாமலே, மிகக் குறைந்த ஆட்களைக் கொண்டு எங்கிருந்தும் இயக்கக்கூடிய எளிய பணப் பரிமாற்ற அமைப்பு ஒன்றை உருவாக்கத் திட்டமிடுவதாக 2022-23 ஆண்டறிக்கையில் அது குறிப்பிட்டது. இணையம் இல்லாத சாதாரண பட்டன் போனிலும் பணம் அனுப்ப யு.பி.ஐ. 123பே என்ற வசதி 2022 முதல் உண்டு. சிறு தொகைகளுக்கு வங்கியின் முதன்மைக் கணினியை ஒவ்வொரு முறையும் தொடாமல் இயங்கும் யு.பி.ஐ. லைட்டும் இருக்கிறது, வங்கிக் கணினி திணறும் வேளையில் அது கைகொடுக்கும். இவற்றை நெருக்கடி வரும்வரை காத்திராமல் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. இரண்டு வெவ்வேறு வங்கிகளில் கணக்கும், வீட்டில் உள்ள இருவரிடம் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம்மும் இருந்தால், ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது ஓடும். கஜா நாட்களில் ஒரு நிறுவனத்தின் கோபுரம் மற்றதற்கு முன்பே உயிர்பெற்றது. அந்த சிம் வைத்திருந்தவரின் வீட்டு வாசலில் ஊரே நின்று வெளிநாட்டுக்குப் பேசியது.

வீடுகள் இவ்வளவும் செய்தாலும், வங்கியும் ரேஷன் கடையும் மருத்துவமனையும் தத்தம் பங்கைச் செய்யாவிட்டால் பயனில்லை. எங்கள் பகுதி ஓய்வூதியர்கள் சிலர் சேர்ந்து, பருவமழைக்கு முன்னால் ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கிளையும் இணைப்பே இல்லை என்று பாவித்து ஒத்திகை நடத்த வேண்டும் என்று மேலாளர்களிடம் எழுதிக் கொடுத்தோம். பெரும்பாலோர் மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஓர் இளம் மேலாளர் மட்டும் ஒரு சனிக்கிழமை மாலை, கவுன்ட்டர் மூடிய பிறகு, ஊழியர்களை இருக்கச் சொல்லி எங்களையும் அழைத்தார். நாங்களே வாடிக்கையாளர்களாக வரிசையில் நின்றோம். அப்போதுதான் சில விஷயங்கள் தெரியவந்தன. இருப்புப் பட்டியலை அச்சிடும் இயந்திரமே வலைப்பின்னல் இல்லாமல் இயங்காது என்பதால், பட்டியலை ஒவ்வொரு மாலையும் முன்கூட்டியே அச்சிட்டால்தான் உண்டு. எழுதிப் பதிய வேண்டிய பற்றுச்சீட்டுப் புத்தகம் கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. கைமுறையில் எவ்வளவு தொகை வரை யார் அனுமதிக்கலாம் என்ற உத்தரவு மின்னஞ்சலில் இருந்தது. அதைத் திறக்கவும் இணைப்பு வேண்டும். இளம் ஊழியர்கள் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்கள். ஒரு பெண் ஊழியர், நாள் முடிவில் கூட்டிப் பார்க்கும் தாளை எங்களை விட வேகமாகச் சரிசெய்தார். இப்போது அந்தக் கிளையில் உத்தரவின் அச்சுப் பிரதியும், ஒரு கட்டுப் பற்றுச்சீட்டுப் புத்தகமும், முந்தைய நாளின் பட்டியலும் பெட்டகத்துக்குள் பூட்டி வைக்கப்படுகின்றன. புதுப் பட்டியல் வந்ததும் பழையதைக் கிழித்துவிடுகிறார்கள். மற்றக் கிளைகளுக்கும் கொடுக்க, அந்த மேலாளர் எழுதித் தந்த ஒருபக்கக் குறிப்பை நகலெடுத்து வைத்திருக்கிறோம். வரும் ஐப்பசிக்குள் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிக் கிளைகள் எல்லாவற்றுக்கும் நேரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இருக்கிறோம்.